பயமுறுத்தத் தவறிய பயங்கரப் படம்

பயங்கரப் படம் என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஆவலுடன் போய் உட்காருவீர்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு. அதில் ஒரு குடும்பம். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. வெளியே முகமூடி அணிந்த ஒரு கூட்டம் நிற்கிறது. ஏதோ ஒரு மர்ம வழிபாட்டைச் சேர்ந்தவர்கள்; வீட்டிலிருப்பவர்களைப் பலியிட வந்திருக்கிறார்கள். கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது அல்லவா? ஆனால் முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார். பக்கத்திலிருப்பவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். உங்களுக்கும் கொட்டாவி வருகிறது.

இது ஏன்? உங்களுக்குத் துணிச்சல் அதிகமா, அல்லது படம் மோசமா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் விடை தேடலாம். அதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். திடுக்கிடுதல் வேறு, பயப்படுதல் வேறு.

முதலில் திடுக்கிடுதலை எடுத்துக்கொள்வோம். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் நண்பனைப் பின்னால் வந்து பலமாக ஒரு முறை கைதட்டச் சொல்லுங்கள். கண் இமைக்கும், தோள் உயரும், கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இவையெல்லாம் நீங்கள் நினைத்துச் செய்பவை அல்ல. சத்தம் காதில் விழுந்து, மூளைத்தண்டு வழியாகத் தசைகளுக்குக் கட்டளை போய்விடுகிறது. யோசிக்கிற மூளையைக் கேட்பதே இல்லை. ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளாகவே இமை மூடத் தொடங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர்களான கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹண்ட் ஆகிய இருவரும் துப்பாக்கிச் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை வேகமாக ஓடும் காமிராக்களில் படம் பிடித்து, 1939இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

இப்போது அதே நண்பனை அரை நிமிடத்துக்கு ஒரு முறையாகப் பத்துத் தடவை கைதட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது தட்டலிலேயே தோள் உயர்வது குறைந்துவிடும். இமை மட்டும் பிடிவாதமாகக் கொஞ்சம் துடித்துக்கொண்டிருக்கும். ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்து, அதனால் தீங்கும் இல்லையென்றால், நரம்பு மண்டலம் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. இதைப் 'பழகிப்போதல்' என்கிறோம். ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதும் இதனால்தான்.

சோம்பலாக எடுக்கப்பட்ட பயப்படத்தின் முதல் குறை இங்கேதான் இருக்கிறது. அது கைதட்டுகிற நண்பனின் வேலையை மட்டும் செய்கிறது. சன்னலில் முகம், 'டமார்' என்று ஒரு சத்தம். அலமாரிக்குப் பின்னால் உருவம், மறுபடியும் 'டமார்'. முதல் இரண்டு தடவை நாற்காலியை விட்டு எழும்புகிறோம். ஆறாவது தடவை இசை தாழ்ந்து அமைதியானதுமே, 'இதோ வரப்போகிறது' என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிவிடுகிறார்.

பயம் இப்படிப்பட்டது அல்ல. அது வருவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். வந்தால் எளிதில் போகாது. மூளையின் இரு பக்கங்களிலும், பொட்டுப் பகுதிக்கு உள்ளே ஆழத்தில், வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்ற உறுப்பு இருக்கிறது. ஆபத்து என்று அது மதிப்பிட்டதும் ஹைபோதலாமஸுக்குத் தகவல் போகிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வாய் உலர்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயாராகிறது.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் மருத்துவ ஏடுகளில் குறிக்கப்படும் ஓர் அமெரிக்கப் பெண்மணிக்கு, அரிய பரம்பரை நோய் ஒன்றினால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோயின. ஆராய்ச்சியாளர்கள் அவரைப் பாம்பும் சிலந்தியும் விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். பேய்மாளிகை என்று பெயர் போன ஒரு கட்டடத்துக்குள் நடக்க வைத்தார்கள். பயங்கரப் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அவருக்குப் பயமே தோன்றவில்லை. ஆர்வம்தான் தோன்றியது! 2011இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. கதை இதோடு முடியவில்லை. அதே பெண்மணியை 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் செய்தபோது அவர் மிரண்டு தவித்ததாக 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. மூச்சுத் திணறலின் அச்சத்துக்கு அமிக்டலா தேவைப்படவில்லை. ஆக, அச்சம் என்பது ஒரே பொத்தானை அழுத்தினால் எரியும் விளக்கு அல்ல.

திடுக்கிடுதலும் பயமும் வேறு வேறு என்றாலும் அவற்றுக்குள் தொடர்பு உண்டு. 1951இல் ஜட்சன் பிரவுன் என்ற உளவியலாளரின் குழு எலிகளிடம் இதைச் சோதித்தது. விளக்கு எரியும்போதெல்லாம் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு அதிர்ச்சி எதுவும் கொடுக்காமல், விளக்கை மட்டும் எரியவிட்டு ஒரு சத்தம் எழுப்பினார்கள். வழக்கத்தைவிட உயரமாக எலிகள் துள்ளின! சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. 'ஏதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்புதான் துள்ளலைப் பெரிதாக்கியது. மனிதர்களுக்கு எலிகள்போல் மின் அதிர்ச்சிகூட வேண்டாம். இருட்டில் இருந்தாலே நாம் சத்தத்துக்கு அதிகமாகத் திடுக்கிடுகிறோம் என்று கிறிஸ்டியன் கிரில்லான் என்பவரும் உடனிருந்தோரும் 1997இல் காட்டினார்கள். கதை பாதிப் பயத்தைத் தருகிறது. மீதியைத் திரையரங்கின் இருட்டு தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிர்பார்ப்பு என்கிறோமே, அது எப்படி உண்டாகிறது? இதைப் புரிந்துகொள்ளத் திருத்தணிக்குப் போவோம்.

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365 என்பது கணக்கு. ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக. டிசம்பர் 31ஆம் தேதி படித்திருவிழாவில் படிக்குப் படி பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே அடியார்கள் ஏறுவார்கள். நாம் இப்போது அந்தப் படிகளில் கீழே இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படி இறங்குவதற்குள் ஒரு படியின் உயரத்தை உங்கள் கால் கற்றுக்கொண்டுவிடும். பிறகு நீங்கள் படியைப் பார்ப்பதில்லை. கீழே தெரியும் ஊரைப் பார்ப்பீர்கள், உடன் வருபவரோடு பேசுவீர்கள். அடுத்த படி எங்கே இருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்துத் தசைகளுக்குச் சொல்லிவிடுகிறது. சிறுமூளைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில், படிகள் முடிந்து தரை வந்துவிட்டதைக் கவனிக்காமல், இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் காலை வைத்தால் என்ன ஆகும்? 'திக்' என்று உடம்பு முழுவதும் ஓர் அதிர்ச்சி பாய்கிறது! தரை எங்கேயும் போய்விடவில்லை. மூளையின் கணக்குத்தான் தப்பிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் 'திக்' உண்டாவதற்கு, அதற்கு முன் நூற்றுக்கணக்கான படிகள் ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரத்தில் தாறுமாறாகக் கட்டப்பட்டிருந்தால் நீங்கள் தொடக்கத்திலிருந்தே குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவீர்கள். களைப்பு வரும், எரிச்சல் வரும். 'திக்' என்பது வராது.

முகமூடிக் கூட்டம் வீடு புகும் படங்களில் பல, தாறுமாறான படிக்கட்டுகள். கூட்டத்தில் எத்தனை பேர், எந்த வாசல் திறந்திருக்கிறது, பூட்டை உடைக்க அவர்களால் முடியுமா, அவர்களுடைய வழிபாட்டுக்கு என்ன விதி என்று எதுவும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. வாசலில் நின்ற ஆள் அடுத்த கணம் கொல்லையில் நிற்கிறான், அதற்கடுத்த கணம் பரணில். இயக்குநருக்கு வேண்டிய இடத்தில் ஆள் முளைக்கிறான். நம் மூளையால் எதையும் கணிக்க முடிவதில்லை. கணிக்காத மூளை பயப்படாது. கொஞ்ச நேரத்தில் அது கணிப்பதையே விட்டுவிட்டு முறுக்குப் பொட்டலத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதைத் தம் அனுபவத்தில் கண்டிருந்தார். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோ அவரை நீண்ட பேட்டி கண்டபோது அவர் சொன்ன உதாரணம் புகழ்பெற்றது. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில வினாடி திகைப்போம். குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், பல நிமிடங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்போம். விஷயத்தை மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே அதிகம் பயமுறுத்துகிறது!

தமிழில் இதற்கு ஒரு நல்ல சோடி கிடைக்கிறது. இரண்டும் ஒரே இயக்குநர் எடுத்தவை. இரண்டுமே வீட்டுக்குள் நுழையும் அபாயத்தைப் பற்றியவை. அசுவின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' 2019இல் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுக்கப்பட்டதால், திருத்தணிபோல் இரு மொழியும் புழங்கும் எல்லையூர்க்காரர்கள் விருப்பமான மொழியில் பார்த்திருக்கலாம். கதாநாயகி கணினி விளையாட்டுகளை வடிவமைப்பவள். இருட்டைக் கண்டால் அவளுக்கு அச்சம். கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும்போது முகமூடிக் கொலைகாரர்கள் வீட்டைத் தாக்குகிறார்கள். விளையாட்டில் உள்ளதுபோல் அவளுக்கு மூன்று உயிர்கள். ஒரு முறை தோற்றால் அதே இரவு மறுபடி தொடங்குகிறது. ஆகவே இரண்டாவது தடவை ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. திருத்தணிப் படிகளைப் போல அந்த வீட்டை நாம் காலால் கற்றுக்கொண்டுவிடுகிறோம். அதனால் சின்ன மாறுதல்கூட 'திக்' என்கிறது.

அவரே 2022 டிசம்பரில் கொடுத்த படம் 'கனெக்ட்'. நயன்தாரா நடித்தது, இடைவேளை இல்லாமல் ஓட வேண்டும் என்று எடுக்கப்பட்ட 99 நிமிடப் படம். தொடக்கம் அருமை. கொரோனா ஊரடங்கு, கணவர் நோயில் இறக்கிறார், தாயும் மகளும் வீட்டில் அடைபட்டிருக்கிறார்கள், வெளியுலகத்தோடு உறவெல்லாம் கைபேசித் திரை வழியாக மட்டுமே. யாரும் வர முடியாத வீட்டுக்குள் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. இதைவிட நல்ல விதை கிடைக்குமா? ஆனால் போகப் போக, என் மதிப்பில், படம் ஏமாற்றிவிடுகிறது. அந்தத் தீய ஆவியால் எது முடியும், எது முடியாது என்பதற்கு வரம்பே இல்லை. விளக்கு அணைகிறது, கதவு அறைகிறது, குரல் மாறுகிறது. வேறு படங்களில் நாம் முன்பே பழகிப்போன கைதட்டல்கள்! இடைவேளை இல்லாவிட்டால் பயம் தளராது என்று நம்பியது சரியான யோசனைதான். தேநீர்க் கடை வெளிச்சத்தில் பத்து நிமிடம் நின்றால் இதயத் துடிப்பு பழைய நிலைக்கு வந்துவிடும் அல்லவா? ஆனால் எதிர்பார்ப்பு வளராதபோது இடைவேளையை எடுத்துவிட்டு என்ன பயன்?

அந்தப் படத்தில் மகள், இறந்துபோன தந்தையோடு பேசுவதற்கு எழுத்துப் பலகையைப் பயன்படுத்துகிறாள். நம் ஊர் விடுதிகளிலும் சில மாணவர்கள் நாணயத்தின்மேல் விரல் வைத்து இதை விளையாடுவது உண்டு. நாணயம் 'தானாக' நகர்வதாகச் சொல்வார்கள். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே 1853இலேயே இதற்கு முடிவு கட்டிவிட்டார். அப்போது லண்டனில் பலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை வைத்து ஆவியால் மேசை சுழல்வதாக நம்பினார்கள். ஃபாரடே கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, லேசாக நழுவக்கூடிய பசையால் ஒட்டி வைத்தார். மேசைதான் முதலில் நகர்கிறது என்றால் அடி அட்டை முந்த வேண்டும்; கைதான் தள்ளுகிறது என்றால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியது! தள்ளியவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை. எதிர்பார்ப்பு மனத்தில் இருந்தால் தசை அதை நிறைவேற்றிவிடுகிறது.

முகமூடிக்கும் மர்மக் கூட்டத்துக்கும் வருவோம். மனித முகத்தைப் படிப்பதில் நம் மூளை மிகத் தேர்ந்தது. எதிரே வருபவரின் எண்ணத்தைக் கண்ணிலும் வாயிலும் தேடுகிறோம். முகமூடி அந்தத் தகவலை அடைத்துவிடுகிறது. ஆகவே மூளை எச்சரிக்கையாகிறது. முகமூடி முதல் பார்வையில் பயமுறுத்துவது நியாயம்தான். ஆனால் அதுவும் பழகிப்போகும். ரோமன் போலன்ஸ்கியின் 'ரோஸ்மேரியின் குழந்தை' (1968) என்ற படத்திலும் சாத்தானை வழிபடும் கூட்டம் உண்டு. அவர்கள் கதவை உடைப்பதில்லை. அக்கம்பக்கத்து வயோதிகர்களாக, அன்பாகப் பேசி, கிண்ணத்தில் இனிப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கதவை நாமேதான் திறக்கிறோம்! அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் படம் பயமுறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

இதெல்லாம் திரையில் நடப்பது. வீடு புகும் அச்சம் திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு வெறும் கதை அல்ல. 1995க்கும் 2005க்கும் இடையில், வடக்கிலிருந்து லாரிகளில் வந்த கொள்ளையர் நெடுஞ்சாலையோர வீடுகளில் இரவில் புகுந்து தாக்கினார்கள். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தானாகுளத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். காவல்துறைத் தனிப்படை அந்தக் கும்பலை வட மாநிலங்களுக்குத் தேடிப் போய்ப் பிடித்தது. 2017இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' படம் இதை வைத்து எடுக்கப்பட்டதுதான்.

அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. ஆனால் ஆதாரம் உள்ள அச்சத்தையும் இல்லாத அச்சத்தையும் அமிக்டலா பிரித்துப் பார்ப்பதில்லை. ஜோசப் லெடூ என்ற நரம்பியல் அறிஞர் எலிகளை ஆராய்ந்து காட்டியபடி, ஆபத்துச் செய்தி அமிக்டலாவுக்கு இரு வழிகளில் போகிறது. ஒன்று குறுக்குவழி: வேகமானது, ஆனால் தெளிவற்றது. மற்றொன்று பெருமூளைப் புறணி வழியாகச் சுற்றிப் போவது: மெதுவானது, ஆனால் தீர விசாரிப்பது. அந்தி வேளையில் கயிற்றைப் பார்த்துப் பாம்பு என்று துள்ளுகிறீர்களே, அது குறுக்குவழி. 'அட, கயிறு!' என்று அசடு வழிகிறீர்களே, அது சுற்றுவழி. பாம்பைக் கயிறு என்று எண்ணுவதைவிடக் கயிற்றைப் பாம்பு என்று எண்ணுவது உயிருக்கு நல்லது. ஆகவே இந்த ஏற்பாடு நமக்கு நன்மையே செய்கிறது, நாம் துள்ளுவதோடு நிறுத்திக்கொண்டால்.

2018 மே மாதம் பலர் துள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்து இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவின. ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்ப, நான்காவது சுற்றில் 10,000 பேர் அதைப் படித்திருப்பார்கள்; கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே செய்தி ஐந்து பேரிடமிருந்து வரும்போது ஐந்து சாட்சிகள் சொன்னதுபோல் தோன்றுகிறது. உண்மையில் ஒரு சாட்சிகூட இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊரார் திரண்டு தாக்கியதில் அந்தக் குடும்பத்தின் மூதாட்டி இறந்தார். அதே வாரத்தில் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், அங்கே சுற்றித் திரிந்த, யாரென்று தெரியாத ஒருவரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அவர் எந்தக் குழந்தையையும் பிடித்ததாகத் தெரியவரவில்லை.

மேலே சொன்ன படக் கதையை இதோடு பொருத்திப் பாருங்கள். படத்தில் கூட்டம் வெளியே இருந்தது, அப்பாவிகள் வீட்டுக்குள் இருந்தார்கள். இங்கே கூட்டம் ஊருக்குள் இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள்தாம் அப்பாவிகள். கூட்டத்தில் ஒருவரும் முகமூடி போட்டிருக்கவில்லை. தாங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

நாட்டின் வேறு மாநிலங்களிலும் இதே வதந்தியால் பலர் உயிரிழந்தார்கள். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாதபடி கட்டுப்பாட்டை அறிவித்தது. பழவேற்காட்டு மனிதர் இறந்து அப்போது இரண்டு மாதம் கடந்திருந்தது.